யார் வூட்டுத் தண்ணி

எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது ஈரம் கண்டால் பிளம்பருக்குப் போன் போகாது. எதிர்வீட்டு டீச்சருக்குத்தான் ஆள் போகும். டீச்சர் வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஈரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவார். நடுவிரலால் அதைத் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். கண் மூடியிருக்கும். வழி தெரியாமல் தெருவில் நிற்கிற குழந்தையிடம் கேட்பதுபோல, "யார் வூட்டுப் புள்ள நீ?" என்று மெதுவாகக் கேட்பார். தண்ணீரைத்தான் கேட்பார். பிறகு எழுந்து, "மழ இல்ல. மாடி பாத்ரூமு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கு மேல் யாரும் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார்கள்.

பெரம்பலூரில் அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு கசிவு இருந்தது. வீட்டுக்காரர்தான் டீச்சரைக் கூட்டிவந்தார். அவர் விரலை நாக்கில் வைத்ததைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிவிட்டது. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. "நம்ம எதிர்ல இருக்கிறது மனுஷியா, பல்லியா" என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் மருந்துக் கம்பெனி வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். எதற்கும் அசைய மாட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒரே வீட்டுக்குள் பல தண்ணீர் ஓடும். போர் தண்ணீர் கடுத்த உப்பு, வாயில் வைக்க முடியாது. கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் அது நினைத்தபோது வரும். குடிக்கக் கேன் தண்ணீர். இதில் எது கசிகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தக் குழாய் என்று தெரிந்துவிடும். அது சரி. ஆனால் அதை நாக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டுமா என்று கேட்டால் டீச்சரிடம் ஒரே பதில்தான். அவர் தையல் டீச்சர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் காலமெல்லாம் நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தி ஊசியில் கோத்தவர். "கண்ணு போனப்புறமும் நாக்கு போகலம்மா" என்பார்.

சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கோயம்புத்தூரில், அடுக்குமாடியில் எட்டாவது மாடி. டீச்சர் தனியாகத்தான் இருந்தார். தெருவில் எல்லாரும் கிணற்றைத் தூர்த்துவிட்டு போர் போட்ட பிறகும் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் மட்டும் ஓர் உறைகிணறு மிச்சம் இருந்தது. ஏனோ அதில் மட்டும் உப்பு இல்லை. புது மண்பானையில் வைத்த தண்ணீர் மாதிரி லேசான இனிப்பு, கடைசியில் ஒரு மண்வாசம். டீச்சர் வேறெந்தத் தண்ணீரையும் தொட மாட்டார். மாதா கோவில் திருவிழாவுக்கு ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினாலும் கையில் இரண்டு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் இருக்கும்.

மகள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். டீச்சர் மசியவில்லை. கடைசியில் இருவருக்கும் ஓர் உடன்பாடு. கையும் காலும் புத்தியும் நன்றாக இருக்கிறவரை டீச்சர் இங்கே இருக்கலாம். ஏதாவது ஒன்று பிசகினாலும் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பிவிட வேண்டும், வீட்டையும் விற்றுவிட வேண்டும். பிசகுகிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் எனக்குப் போன் செய்வாள். "அம்மா நல்லாருக்காங்களாக்கா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காதீங்க" என்பாள். டீச்சருக்கும் இது தெரியும். என்னை 'சி.ஐ.டி.' என்றுதான் கூப்பிடுவார். கோயம்புத்தூர் என்றாலே அவர் முகம் சுண்டிவிடும். "அங்க தண்ணியே கெடையாதும்மா. கொழாதான் இருக்கு" என்பார்.

அவர் வாய் பொய் சொல்லாது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். அதனாலேயே பலருக்கு அவரைக் கண்டால் பயம். மாடியில் குடியிருந்தவர்கள் வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பால்காரரின் பாலைத் தொட்டுப் பார்த்து, அதில் சேர்ந்திருப்பது எந்தத் தெருக் குழாய்த் தண்ணீர் என்று சொன்னதிலிருந்து அந்த ஆள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. சிலர் அவர் வருவதற்குள் தரையைத் துடைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு பொய்க்கு நான் சாட்சி. மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் கட்டிலுக்குக் கீழே அடிக்கடி ஈரம். கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஓதமா என்று மருமகள் டீச்சரைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். டீச்சர் குனிந்து தொட்டார், நாக்கில் வைத்தார். எப்போதையும்விட ஒரு கணம் கூடுதலாகக் கண்ணை மூடியிருந்தார். பிறகு எழுந்து, "சொம்பு கவுந்துருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார். வெளியே வந்ததும் அவர்கள் வாசல் குழாயில் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். மறுநாள் பழைய துணி என்று சொல்லி ஒரு பொட்டலத்தை அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே ரப்பர் ஷீட் இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இனி டிஷ்வாஷர் கதை.

எனக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கொள்ளாது. விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். அரியலூரில் ஆபீஸ். போக வர பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவே முடியாது. கையுறை, களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் என் கணவர் ஒரு டிஷ்வாஷரை வாங்கிப் போட்டுவிட்டார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் மெஷின். ஆளாளுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இட்லிக் குண்டானை எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் உள்ளே ஒரு குழியில் உப்புப் போடச் சொல்லியிருந்தது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஏற்கெனவே போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் இன்னும் உப்பா? டீச்சரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். "உப்புத் தண்ணிக்கு எவனாச்சும் உப்புப் போடுவானா? வெள்ளக்காரன் ஊரு தண்ணிக்கு எழுதினதா இருக்கும். வுட்டுடு." விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. டீச்சர் வந்து தொட்டுப் பார்த்தார். "கையால தேய்க்கிற சோப்ப ஊத்துறியா?" என்று கேட்டார். ஊற்றியிருந்தேன். மெஷினுக்கான தூள் தீர்ந்துபோய்விட்டதால் சிங்க்கில் இருந்ததையே ஊற்றியிருந்தேன். உள்ளே நுரை பொங்கிக் கதவை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நிறுத்தியும் கசிவு முழுதாக நிற்கவில்லை. திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கதவு ரப்பரைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இறுகிப் போயிருந்தது. உப்புப் போடவில்லையா என்று கேட்டார். நான் என் நியாயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் இருப்பது சுண்ணாம்புதான், அதை எடுக்கத்தான் அந்தக் கல்லுப்பு என்றார். டீச்சர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் விஷயத்தில் அவர் சறுக்கியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் சிறுத்துவிட்டது. "நாந்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு சொல்லியும் சமாதானமாகவில்லை.

ரப்பரை மாற்றிவிட்டுக் கிளம்பும்போது மெக்கானிக் ஒன்று சொன்னார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் உள்ளே வறண்டு ரப்பரெல்லாம் வெடித்துவிடும், யாரையாவது விட்டு அடியில் அவ்வப்போது ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள் என்றார். அந்தக் கோடையில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாங்கள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி எப்போதும் டீச்சர் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். மெஷினுக்கு ஒரு சொம்பு தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் அதை ஒரு பிராயச்சித்தம்போல எடுத்துக்கொண்டார். "என் கெணத்துத் தண்ணியே ஊத்துறேன். அதுல ஒரு பொட்டு உப்பு கெடையாது" என்றார்.

ஊரிலிருந்து திரும்பினோம். மெஷின் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம்தான் அது ஆரம்பித்தது.

சாயங்காலம் அரியலூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கதவைத் திறந்தால் மெஷினுக்கு முன்னால் தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும். காலையில் உள்ளே துடைத்துக் காயவைத்துவிட்டுப் போன மெஷின். மெயின் சுவிட்சையும் அணைத்திருப்பேன். திறந்து பார்த்தால் உள்ளே, அடியில், கதவின் விளிம்புவரை தண்ணீர் நிற்கும். நிற்கிற தண்ணீர் தெளிவாக, அசையாமல், என் முகம் தெரிகிற மாதிரி இருக்கும். ஓட்டப் பார்த்தால் மெஷின் ஏதோ ஓர் எழுத்தை மின்னிக் காட்டிவிட்டு மறுத்துவிடும். டம்ளர் டம்ளராக மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். பாத்திரத்தையெல்லாம் மறுபடி கையால் தேய்க்க ஆரம்பித்தேன். விரல் மறுபடி வெடித்தது.

மெக்கானிக் மறுபடி வந்தார். தண்ணீர் உள்ளே வருகிற வால்வு சரியாக மூடவில்லை, அணைத்த பிறகும் சொட்டுச் சொட்டாக இறங்கி நிறைகிறது என்றார். வால்வை மாற்றினார். மறுநாளும் தண்ணீர். சுவர்க் குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போகச் சொன்னார். மூடிவிட்டுப் போனேன். அப்போதும் தண்ணீர். கடைசியில் ஹோஸையே கழற்றிச் சுருட்டி மேலே வைத்துவிட்டுப் போனேன். மெஷினுக்கும் உலகத்தில் எந்தத் தண்ணீருக்கும் தொடர்பு இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தேன். நிறைந்திருந்தது. அடுப்படிக்குள் நிற்கப் பிடிக்காமல் வாசல் படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அசையாத என் கணவரே அசைந்துவிட்டார். சிறுவாச்சூர் காளி கோவிலில் இருந்து எலுமிச்சம்பழம் வாங்கிவந்து மெஷின் மேல் வைத்தார். மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைத்த முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். மறுநாள் பார்த்தால் பழம் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஈரக்கையால் பிடித்ததுபோல விரல் தடம் இருந்தது.

டீச்சரிடம் கேட்காமல் இருப்பேனா? முதல் நாளே கேட்டேன். பகலில் ஏதாவது வந்தீர்களா, தண்ணீர் ஊற்றினீர்களா என்று. "நீங்க வந்த அன்னிக்கே நிறுத்திட்டனே. நான் எதுக்கு வரேன்?" என்றார். டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார். ஒருநாள் நான் பஸ் விட்டு வரும்போது தெருமுனையிலேயே காத்துக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மத்தியானம் உங்க வூட்டுக் கதவு தொறக்குற சத்தம் கேட்டுச்சும்மா. வெளிய வந்து பாத்தேன். ஒருத்தரும் இல்ல. ஆனா ரோட்டுல ஈரக்காலு. உங்க வாசல்லருந்து எறங்கி வந்துருக்கு."

"எங்க போயிருக்கு டீச்சர்?"

"இந்தப் பக்கமாத்தான் வந்துருக்கு. என் வூட்டு நடையில முடிஞ்சிருச்சு."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் இருந்த பயம் நிஜமான பயம். கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே பேசினார். அவரை வீட்டுக்குள் கூட்டிவந்து தண்ணீரைக் காட்டினேன். வழக்கம்போல உட்கார்ந்தார், தொட்டார், நாக்கில் வைத்தார். "யார் வூட்டுப் புள்ள நீ?" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தொட்டு மறுபடி வைத்தார். மூன்றாம் தடவையும் வைத்தார்.

"போர் தண்ணி இல்ல. ஆத்துத் தண்ணியும் இல்ல. கேனும் இல்ல" என்றார். "லேசா சோப்பு வாட இருக்கு, அது மெஷினோடது. அதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. இதுக்கு ருசியே இல்லம்மா."

"ருசி இல்லன்னா என்ன அர்த்தம் டீச்சர்?"

"தெரியல. இப்படி ஒரு தண்ணிய நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு விரலை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். அவர் வாயிலிருந்து 'தெரியல' என்று கேட்டது எனக்கு அந்தத் தண்ணீரைவிட அதிகக் கலக்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தபோது, அம்மா நன்றாக இருக்கிறார், எங்கள் வீட்டு மெஷின்தான் ஒழுகுகிறது என்றேன். அவளும் சிரித்தாள்.

டீச்சரால் விட முடியவில்லை. தெரியாத தண்ணீர் ஒன்று தெருவுக்குள் நடமாடுவதை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு விடுமுறை நாள் காலையில் வந்து ஒரு யோசனை சொன்னார். தெருவில் இருக்கிற எல்லாத் தண்ணீரையும் டம்ளரில் எடுத்து வை, மெஷின் தண்ணீரையும் ஒரு டம்ளரில் வை, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். முந்தின நாள் மெஷினில் மொண்டதை நான் ஒரு பாத்திரத்தில் வைத்திருந்தேன். என் டம்ளர்களில் போர், குழாய், கேன், மெஷின் என்று வரிசையாக நிரப்பினேன். அப்புறம் தெரு என்றால் எதிர்வீடும் தெருதானே என்று, விளையாட்டுப்போல அவர் வீட்டுக்கே போய், அவர் பானையிலிருந்து அவர் டம்ளரிலேயே கொஞ்சம் மொண்டுவந்து வைத்தேன். சத்தியமாக எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

அடுப்படி மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொரு டம்ளராக நீட்டினேன். போரைச் சொன்னார். கேனைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தார். குழாய்த் தண்ணீரைச் சொன்னதோடு, டேங்கைக் கழுவி ரொம்ப நாளாகிவிட்டது போலிருக்கிறதே என்று எனக்கு ஒரு குட்டும் வைத்தார். மெஷின் தண்ணீரை நீட்டினேன். "இதான். ருசி இல்லாதது" என்றார். கடைசி டம்ளரை நீட்டினேன்.

விரலை நாக்கில் வைத்தவர் அப்படியே இருந்தார்.

"இதுவும் அதேதான்" என்றார். "இதுல சோப்பு வாட இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டும் ஒண்ணு. இது எங்க எடுத்த?"

அவர் கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டி அந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் விளிம்புக்குக் கீழே தடவிக்கொண்டே போனது. அங்கே அவர் பெயரின் முதல் எழுத்துகளும் கணவர் பெயரின் முதல் எழுத்தும் வெட்டியிருக்கும். கல்யாணச் சீர் டம்ளர். விரல் அந்த எழுத்துகளின் மேல் வந்து நின்றது. பிறகு இன்னொரு தடவை தடவியது.

நான் முந்திக்கொண்டேன். "ரெண்டும் மெஷின் தண்ணிதான் டீச்சர். உங்களச் சோதிக்கலாம்னுதான் ஒரே தண்ணிய ரெண்டு டம்ளர்ல வெச்சேன்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"மூணாவது வூட்டுல நான் சொன்னனே, சொம்பு கவுந்துருச்சுன்னு. அதே மாதிரியே சொல்ற."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. டம்ளரிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"தெனமும் குடிக்கிற தண்ணிக்கு நமக்கு ருசி தெரியாதும்மா. அத மறந்துட்டேன் பாரு. இது என் வூட்டுப் புள்ள." மெஷினைத் திரும்பிப் பார்த்து, "ஒரு சொம்புல அது வழியாதே. நான் எத்தன தடவ வந்தேன்?" என்று கேட்டார்.

"தெரியல டீச்சர்."

"எனக்கும் தெரியல" என்றார். தன் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ரோட்டில் பார்த்த ஈரக்காலை நினைத்திருக்க வேண்டும்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் என் வெடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் என்னாலதான்" என்றார். "இன்னிக்குத் தண்ணி. நாளைக்கு அடுப்பா இருக்கும்." பிறகு என் போனையே கேட்டு வாங்கினார். மகளை அழைத்தார். தெருவில் ஒரு ஈரத்துக்குத் தீர்ப்புச் சொல்கிற அதே குரலில்தான் பேசினார்.

"பாப்பா, எதிர் வூட்டு மெஷினு ஒழுவுதுன்னு சொன்னாங்கல்ல. கண்டுபுடிச்சிட்டேன். மெஷின் இல்ல. நாந்தான். வந்து கூட்டிட்டுப் போ."

மகள் வந்து கூட்டிப்போனாள். வீட்டை விற்கிற பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. கிளம்பும்போது டீச்சர் அந்தப் பெயர் வெட்டிய டம்ளரை என்னிடம் கொடுத்தார். கிணறு இறைக்காமல் கிடந்தால் கெட்டுவிடும், குடிக்கிறதுக்காவது தினமும் ஒரு குடம் இறைத்துக்கொள் என்றார். இப்போது அவர் வீட்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மெஷின் அதன் பிறகு ஒழுகவில்லை. என் விரல்களும் ஆறிவிட்டன. நாங்கள் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டோம். ஆரம்பத்தில் ஒவ்வொரு வாய்க்கும் அந்தப் புதுப்பானை இனிப்பு தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் அவர் நினைப்பு வரும்.

போன வாரம் போனில் பேசினேன். நான் யார் என்று புரியவைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. எதிர்வீடு என்றேன். அரியலூர் ஆபீஸ் என்றேன். சி.ஐ.டி. என்றதும் சிரித்துவிட்டார். கிணற்றைப் பற்றிக் கேட்டார். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்றேன்.

"ருசி எப்படிம்மா இருக்கு?" என்றார், ஆசையாக.

இனிப்பாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் சும்மா சொல்லக் கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த அவர் டம்ளரில் ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். நடுவிரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியல டீச்சர். ருசியே இல்ல" என்றேன்.

மறுமுனையில் அந்தப் பழைய குரல், தெளிவாக வந்தது.

"அப்ப அது உன் வூட்டுப் புள்ளயாயிருச்சு. இனிமே நீ பாத்து இருந்துக்கம்மா."